சீனத்து டொல்பின்

முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. வாகனம் திருத்துபவர்களுக்குப் பாதி நாள் கைகள் தலைக்கு மேலேதான் இருக்கும். என் வலது தோளில் இரண்டாவது தடவை சத்திரசிகிச்சை செய்த வைத்தியர், இனி அந்தக் கையைத் தோளுக்கு மேலே உயர்த்திப் பாரம் பிடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அத்தோடு அந்த வேலை முடிந்தது. இப்போது கனடாவில், மார்க்கம் நகரில் ஓர் அலுவலகத்தில், உதிரிப்பாகங்களின் படங்களைப் பார்த்து இலக்கம் போடுகிறேன். கதிரையில் இருந்து செய்யும் வேலை. யாரும் அதனால் சாகமாட்டார்கள்.

அண்மையில் என் பழைய கராச்சுக்குப் போயிருந்தேன். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பின்புறம், பலசரக்குக் கடைக்கு அடுத்ததாக, வாகனம் தூக்கும் ஹொயிஸ்ட் மூன்று உள்ள சிறிய இடம். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கையில் டப்லெட்டோடு ஒரு காரைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்ராறியோவில் பழைய வாகனம் ஒன்றை வாங்கி வீதிக்கு விடுவதென்றால், அது ஓடத் தகுதியானது என்று உரிமம் பெற்ற ஒருவர் பரிசோதித்து உறுதி சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் அதற்குச் சேஃப்டி என்பார்கள். என் காலத்தில் அது ஒரு தாளும் ஒரு கையெழுத்தும். இப்போது நாலு சக்கரச் சில்லையும் கழற்றிய படம் அரசாங்கத்துக்குப் போக வேண்டும்.

"அக்கா, அப்ப ஃபோட்டோ ஒண்டும் இல்லாமச் சைன் பண்ணினீங்களா? லைக், பயமா இருக்கேல்லையா?" என்று கேட்டாள்.

"இருந்தது."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பயங்களை நான் தரம் பிரித்தே வைத்திருந்தேன். மேலே நிற்கும் வாகனம் விழுந்துவிடும் என்பது ஒன்று. அழுத்திக் கட்டிய ஸ்பிரிங் தெறிக்கும் என்பது இன்னொன்று. இவை இரண்டும் என் உடம்புக்கு வரக்கூடியவை. கவனமாக இருந்தால் தள்ளி நிற்கலாம். மூன்றாவது பயம் கையெழுத்துப் போட்டபின் வருவது. வாகனம் படலையைத் தாண்டிப் போய்விடும். அதற்குள் யார் ஏறியிருக்கிறார்கள், எதை ஏற்றியிருக்கிறார்கள், எந்தச் சரிவில் இறங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயத்திலிருந்து தள்ளி நிற்பதற்கு இடமே கிடையாது.

கல்லூரியையும் பயிற்சிக் காலத்தையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். என் கை அளவுக்குக் கையுறை கிடைப்பது கஷ்டமாக இருந்தது. மற்றதெல்லாம் மற்றவர்களுக்கு நடந்ததுதான்.

யோகன் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கராச் அவருடையது. இளமையில் யாழ்ப்பாணத்தில் வான் திருத்தியவர். அங்கே மூக்கு உருண்ட ஒரு ஜப்பானிய வானை எல்லோரும் டொல்பின் என்பார்கள். ஆட்களையும் வெங்காயத்தையும் கலியாண வீட்டுக் கதிரைகளையும் ஏற்றிக்கொண்டு ஓடிய வான் அது. அண்ணை அதில்தான் தொழில் பழகினார். வாகனம் மேலே போகும்போது கதைக்கமாட்டார். மற்றவர்கள் கதைத்தாலும் கையை உயர்த்துவார். பிரேக் பக்கம் போவதற்கு முன் கை கழுவுவார். அளவுகோல் இருக்கும், ஆனால் எடுக்கமாட்டார். விரலை வைத்துப் பார்த்து "ஒரு விரல்", "அரை விரல்" என்பார். பிறகு நான் அளவுகோலை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்.

நான் சேர்ந்த முதல் வருடம் துருப்பிடித்த கார் ஒன்று ஹொயிஸ்டில் உயர்ந்துகொண்டிருந்தபோது, அதைத் தாங்கிய ஹொயிஸ்ட் கைக்கு மேலே தகரம் நொறுங்கும் சத்தம் கேட்டது. கார் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் அதன் கீழிருந்து இரண்டு அடி தள்ளி நின்றேன். ஓட வேண்டும் என்று உடம்பு சொன்னது. எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அண்ணை குரலை உயர்த்தவே இல்லை.

"ஒருத்தரும் ஓடாதேங்கோ. பிள்ளை, காரைப் பாத்தபடி பின்னாலை நடவும். இன்னும். இன்னும். சரி, இப்ப போய்த் தேத்தண்ணி குடியும்."

கார் விழவில்லை. அன்று பழகியதை நான் பிறகும் வைத்துக்கொண்டேன். பயம் வரும்போது சத்தம் குறைய வேண்டும். ஒவ்வொரு வேலையாகச் சொல்ல வேண்டும்.

இனி வானுக்கு வருகிறேன்.

பதினைந்து வயது தாண்டிய வாகனத்தைக் கனடாவுக்குக் கொண்டுவருவது சுலபம். புதிய வாகனங்களுக்கான இறக்குமதி விதிகள் அதற்கு இல்லை. மார்க்கத்தில் இருந்த ஓர் இறக்குமதியாளர், வளைகுடா நாடொன்றிலிருந்து சில வான்களைக் கொண்டுவந்தார். சீனாவில் செய்தவை. ஜப்பானில் கைவிட்ட பழைய மாதிரியின் உரிமத்தை வாங்கி, அதே அடித்தளத்தில், பல வருடங்கள் கட்டிக்கொண்டிருந்த வான். பாலைவனத்தில் ஓடியதால் அடியில் துரு இல்லை. ஸ்ரியரிங் இடப்பக்கம், இந்த நாட்டுக்குப் பொருந்தியது. எங்கள் சமையல்காரர்களும் மரக்கறிக் கடைக்காரர்களும் படத்தைப் பார்த்தவுடனேயே கேட்கத் தொடங்கினார்கள். மூக்கு உருண்டிருந்தது. அது டொல்பினேதான்.

முதல் வான் எங்கள் கராச்சுக்கு வந்த நாளில் அண்ணை தன் வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல உற்சாகமாக இருந்தார். அதை மேலே தூக்கிவிட்டு அடியில் போய் நின்றார். பாராமலே கையை நீட்டி, "இதுக்குப் பதினேழு. இதுக்குப் பத்தொன்பது" என்று ஒவ்வோர் ஆணியின் அளவையும் சொன்னார். நான் ஸ்பானரைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் பொருந்தின.

"என்னண்ணை, சொந்தக்காரரோ?" என்றேன்.

"டொல்பின்ரை சித்தப்பா மகன், பிள்ளை. சீனாவிலை வளந்தது. முகத்தைப் பாரும், அச்சாய் அவன்தான்."

அந்த வானை வாங்கியவர் ரஞ்சி அக்கா. கலியாணங்களுக்கும் ஒன்றுகூடல்களுக்கும் சமைப்பவர். கணவர் இல்லை, பதினேழு வயது மகள் அபி பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவரோடு போவாள். வானின் சேஃப்டியை நான்தான் செய்தேன். நாலு சில்லையும் கழற்றினேன். பிரேக் கட்டைகளின் தடிப்பை அளந்தேன். முன் மூட்டுகளைக் கம்பியால் நெம்பிப் பார்த்தேன். வீதியில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது, அது உண்மையும்கூட. கையெழுத்து என்னுடையது.

சில வாரங்களில் ரஞ்சி அக்கா திரும்பி வந்தார்.

"நிரோ, சட்டி, தண்ணி டிரம், காஸ் எல்லாம் ஏத்தினா இவன் பின்னாலை குந்துறான். ஹெட்லைற் வானத்தைப் பாக்குது. பிளேன் இறக்கிற ஆக்கள் குழம்பப் போறாங்கள்."

அண்ணை உள்ளேயிருந்து சொன்னார்: "பின்னுக்கு ஒரு தகடு கூட்டினாச் சரி. ஊரிலை தகடு கூட்டாத டொல்பினே இல்லை."

அது உண்மை. பின் ஸ்பிரிங் வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிக் கட்டியது. பாரம் ஏற்றுபவர்கள் அதில் ஒரு தகடு கூட்டுவார்கள். வானின் பின்பக்கம் நிமிரும். ஆனால் அதோடு இன்னொரு வேலை இருக்கிறது. பின் சில்லுகளுக்குப் போகும் பிரேக்கின் அழுத்தத்தை ஒரு வால்வு கூட்டிக் குறைக்கும். அந்த வால்வு வானின் உடம்பில் பூட்டியிருக்கும். அதிலிருந்து நீளும் சிறிய இரும்புக் கை ஒன்று, ஒரு தண்டால் பின் அச்சோடு இணைந்திருக்கும். பாரம் ஏறி உடம்பு தாழ்ந்தால் அந்தக் கை மேலே தள்ளப்படும். பின் பிரேக் பலமாகப் பிடிக்கும். பாரம் இல்லாவிட்டால் கை கீழே தொங்கும். பின் பிரேக் மெதுவாகப் பிடிக்கும். தகடு கூட்டிய வானில் பாரம் ஏற்றினாலும் உடம்பு முன்போலத் தாழாது. வெறும் வான் என்று வால்வு நினைத்துக்கொள்ளும். அதனால் தகடு கூட்டியவர்கள் அந்தத் தண்டையும் ஒரு விரல் நீட்டி, கையை மேலே உயர்த்திவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் பழகிய எல்லோருக்கும் இது தெரியும். கைக்குத் தெரியும் என்றே சொல்லலாம்.

அண்ணை தகட்டைக் கூட்டினார். தண்டை ஒரு விரல் நீட்டினார். நான் அப்போது மற்ற ஹொயிஸ்டில் வேறொரு காரோடு நின்றேன். ரஞ்சி அக்கா வானை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாவது வான் அஜக்ஸில் கடை வைத்திருந்த ஒருவருடையது. அவருக்கும் தகடு கூட்ட வேண்டும். சனிக்கிழமை காலை அண்ணை அந்த வேலையை முடித்திருந்தார். சரிபார்ப்பது என் பங்கு. வெறும் வானை ஓட்டிப் பார்ப்பதில் எனக்குத் திருப்தியில்லை. அவர் ஏற்றப்போவது அரிசி. பின் அச்சைத் தாங்கிகளில் இருத்திவிட்டு, பக்கத்துக் கடையில் கேட்டு அரிசி மூட்டைகளை வானுக்குள் அடுக்கினேன்.

"என்ன பிள்ளை, பொங்கப் போறீரோ?" என்று கேட்டபடி அண்ணை ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். அவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். நான் பின் சில்லைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நீண்ட இரும்புக் கோல் ஒன்றைச் சில்லு ஆணிகளுக்கு இடையில் கொடுத்து அமத்தினேன்.

கோல் கீழே இறங்கியது. சில்லு சுற்றியது.

"அண்ணை, மிதியுங்கோ."

"மிதிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்."

"இன்னும் இறுக்கி."

"இதுக்கு மேலை மிதிச்சா நான் றோட்டிலைதான் நிப்பன். என்ன, சுத்துதோ? அப்ப நீட்டினது காணாது. இன்னும் அரை விரல் நீட்டும்."

நீட்டினேன். திரும்ப அமத்தினேன். சில்லு முன்பைவிட லேசாகச் சுற்றியது.

கோலைத் தரையில் வைத்துவிட்டு ரோச் லைற்றோடு அடியில் போனேன். தெரிந்த ஒன்றைப் பார்ப்பது போல் பாராமல், முதல் தடவை பார்ப்பது போல் பார்த்தேன். வால்வு அதே வால்வு. தண்டு அதே தண்டு. டொல்பினில் அந்தத் தண்டு அச்சின் மேல் நிற்கும். இதில் அச்சிலிருந்து உயரமான ஒரு பிடி எழும்பியிருந்தது. தண்டு அதன் உச்சியிலிருந்து கீழே தொங்கியது. வால்வின் கை அந்தத் தண்டின் அடியில் இருந்தது. உரிமம் வாங்கிக் கட்டியவர்கள் ஏதோ ஒரு வருடம் இடத்தை மாற்றியிருக்கிறார்கள். அதில் குற்றமில்லை, அவர்கள் பூட்டிய அளவில் அது ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் நிற்கும் தண்டை நீட்டினால் கை உயரும். தொங்கும் தண்டை நீட்டினால் கை தாழும். நாங்கள் நீட்டிய ஒவ்வொரு நூல் அளவும் பின் பிரேக்கைப் பறித்துக்கொண்டிருந்தது.

தண்டைச் சுருக்கினேன். "மிதியுங்கோ" என்றேன். கோலில் என் முழுப் பாரத்தையும் போட்டேன். சில்லு அசையவில்லை.

அண்ணை இறங்கி வந்து குனிந்து பார்த்தார். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ரஞ்சி," என்றார்.

அன்று ஒரு யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்களுடைய கோடை ஒன்றுகூடல். ஏரிக்கரைப் பூங்காவில் பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சுவதற்கு ரஞ்சி அக்காவைப் பிடித்திருந்தார்கள். ஸ்காபரோவில் அந்தக் கரைக்கு இறங்கும் வீதியைத் தெரிந்தவர்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிரிம்லி வீதி கிங்ஸ்டன் வீதியைக் கடந்தபின் மலையிலிருந்து விழுவது போல ஏரிக்கு இறங்குகிறது. ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் தடுப்பு, கீழே ஒரு வளைவு. கோடைச் சனிக்கிழமைகளில் கார் நிறுத்த இடமில்லாமல், கதிரையும் குளிர்பெட்டியும் பிள்ளைகளுமாகச் சனம் அந்தச் சரிவில் வீதியோரமாகவே நடக்கும். வானில் இரண்டு தண்ணீர் டிரம், பெரிய சட்டிகள், காஸ் சிலிண்டர்கள், கிழங்கு, மீன், நண்டு.

அண்ணை தொலைபேசியில் அடித்தார். மணி போனது; எடுக்கவில்லை. வாகனம் ஓடும்போது ரஞ்சி அக்கா எடுக்கமாட்டார். நான் அபிக்கு அடித்தேன்.

"ஹாய் நிரோ அக்கா."

"அபி, எங்கை நிக்கிறீங்கள்?"

"பீச்சுக்கு இறங்கிறம். லைன் சரியான ஸ்லோ, இப்பதான் விட்டுது. ஏன்?"

"ஸ்பீக்கரிலை போடு. அம்மாவுக்குக் கேக்கோணும்."

ரஞ்சி அக்காவின் குரல் தூரத்தில் கேட்டது. "என்னடி நிரோ, கூழ் மணக்குதோ அங்கை? இஞ்சை வேறை என்னவோ மணக்குது. எரிஞ்ச மணம். முன்னாலை போற காரெண்டு நினைக்கிறன். இந்தப் பிரேக்கும் இண்டைக்குக் கீழை கீழை போகுது."

"அது உங்கடை வான்தான் அக்கா. முன் பிரேக் சூடேறிட்டுது, பின் பிரேக் இல்லை. நான் சொல்லுற ஒழுங்கிலை செய்யுங்கோ. கேள்வி பிறகு. எத்தினையாம் கியர்?"

"மூண்டு."

"இரண்டுக்கு இறக்குங்கோ. எஞ்சின் கத்தும், கத்தட்டும்."

அது கத்தியது எனக்குக் கேட்டது. அபி "ஓ மை கோட்" என்றாள்.

"இப்ப பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கோ. அமத்தி வைச்சிருக்காதேங்கோ."

"விடுறதோ? விசரே உனக்கு? முன்னாலை சனமடி!"

"விட்டு உடனை மிதியுங்கோ, அக்கா. விட்டாத்தான் திரும்பப் பிடிக்கும். அபி, ஃபோனை மடியிலை வை. உன்ரை முழங்காலுக்குக் கிட்ட, டாஷுக்குக் கீழை, கறுப்புப் பிடி ஒண்டு இருக்கு. கண்டியோ?"

"ம். ஹாண்ட் பிரேக்."

"அது தனிக் கம்பி. பின் சில்லை அது பிடிக்கும். ஒரேயடியா இழுத்தா வான் சுழலும். பிடியைத் திருப்பி வைச்சுக்கொண்டு, கொஞ்சம் இழு. பிறகு இன்னும் கொஞ்சம். அம்மா ஸ்ரியரிங்கை மட்டும் பாக்கட்டும்."

சட்டிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. டிரம்மில் தண்ணீர் முன்னுக்கு வந்து அடித்தது. ரஞ்சி அக்கா யாருக்கோ "விலத்துங்கோ! விலத்துங்கோ!" என்று கத்தினார். "அம்மா, ஹோர்ண்! ஹோர்ணை அடி!" என்றாள் அபி. ஹோர்ண் அடித்தது; நிற்காமல் அடித்தது.

நான் ஒவ்வொரு மூச்சுக்கும் "இன்னும் கொஞ்சம் இழு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அந்தச் சரிவில் நடக்கும் ஒரு பிள்ளையை என் மனம் தானாகவே உருவாக்கிக் காட்டியது. சிவப்புச் சட்டை போட்ட பிள்ளை. அப்படி ஒரு பிள்ளை அங்கே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அண்ணை இரண்டாவது வானின் மூக்கில் இரண்டு கையையும் ஊன்றி, அதைத் தானே தடுத்து நிறுத்துபவர் போல நின்றார்.

தகரம் எதிலோ நீளமாக உரசும் சத்தம். பிறகு எதுவும் இல்லை.

"அபி? அபி?"

"நிண்டிட்டுது," என்றாள். அழுதாளா, சிரித்தாளா என்று தெரியவில்லை. "தடுப்பிலை தேச்சுக்கொண்டு நிண்டிட்டுது. கதிரையோடை ஒரு அங்கிள் முன்னாலை நிக்கிறார். அம்மாவுக்கு ஏசுறார்."

தூரத்தில் அந்த அங்கிளின் குரல் எனக்கும் கேட்டது. "இப்பிடித்தானோ வான் ஓடுறது? லைசென்ஸ் ஆர் தந்தது?" என்றார். இவ்வளவு இனிமையான ஏச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நானும் அண்ணையும் அவருடைய காரில் போனோம். வானின் முன் சில்லுகளிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. வலது பக்கம் முழுவதும் தடுப்பில் உரசி நசுங்கியிருந்தது. வளைவுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. வளைவைத் தாண்டியிருந்தால் என்ன என்று நான் கீழே பார்த்தேன், பார்த்திருக்கக்கூடாது. கீழே சனம் நிறைந்திருந்தது. அபி வீதியோரத்தில் இருந்தாள். அவள் விரல்கள் இன்னும் பிடியைப் பிடித்திருப்பது போல மடங்கியே இருந்தன.

அண்ணை ரஞ்சி அக்காவுக்கு முன்னால் போய் நின்றார். யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்திராத மனிதர்.

"வான் பிழையில்லை ரஞ்சி. நான்தான் தண்டை மாறி நீட்டிப்போட்டன். டொல்பின் எண்டு நினைச்சு."

ரஞ்சி அக்கா அவரைப் பார்த்தார். சொன்னது இதுதான்: "உதைப் பிறகு கதைப்பம் அண்ணை. முந்நூறு பேர் கூழுக்கு நிக்கினம். நண்டு வெயிலிலை கிடக்குது. இறக்குங்கோ சாமானை."

இறக்கினோம். அந்த ஏசிய அங்கிளும் ஒரு சட்டியின் காதைப் பிடித்துக்கொண்டு எங்களோடு கீழே நடந்தார்.

மற்றவர்கள் இத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பார்கள். எனக்கு அப்போதுதான் இன்னொரு பயம் பிடித்தது. அந்த இறக்குமதியாளர் கொண்டுவந்த மற்ற வான்கள் எங்கே? வாங்கியவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள். பாரம் ஏற்றுபவர்கள். அவர்களும் தகடு கூட்டியிருப்பார்கள். கூட்டிக் கொடுத்தவர்களும் டொல்பினில் பழகிய கைகள்தான். வேறு நாட்டில் பழகிய ஒருவர் அந்தத் தண்டைத் தொட்டிருக்கவேமாட்டார், அல்லது புத்தகத்தைப் பார்த்திருப்பார். எங்கள் ஆட்கள் ஒரு விரல் நீட்டியிருப்பார்கள்.

அன்று பின்னேரமே அண்ணை தனக்குத் தெரிந்த கராச்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அடித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். தொலைபேசியை மேசையில் வைத்து எல்லோருக்கும் ஒரே விதமாகச் சொன்னார்: "நான் பிழையாச் செய்துபோட்டன், நீரும் செய்திருப்பீர்."

ஒருவர் சிரித்தார். "யோகன், டொல்பினை எனக்குப் படிப்பிக்கிறீரோ? உமக்கு வயசு போட்டுது."

"ஓம், போட்டுது. நீர் ரோச்சைப் பிடிச்சுக்கொண்டு அடியிலை ஒருக்காப் போம். தண்டு நிக்குதோ, தொங்குதோ எண்டு மட்டும் பாரும். நான் லைனிலை நிக்கிறன்."

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம், பிறகு நீண்ட நேரம் எதுவுமில்லை. திரும்பி வந்தவர் சிரிக்கவில்லை. "அண்ணை, உந்த வான்காரன் மரக்கறி ஏத்திக்கொண்டு நாளைக்கு ஒட்டாவா போறான்," என்றார். "நான் இப்பவே மறிக்கிறன்."

அடுத்த சில நாட்களில் எங்களுக்குத் தெரிந்த எல்லா வான்களும் ஏதோ ஒரு கராச்சுக்குத் திரும்பி வந்தன. எங்களுக்குத் தெரிந்தவை என்று மட்டுமே சொல்ல முடியும்.

ரஞ்சி அக்காவின் வானுக்கு முன் பிரேக் முழுவதையும் மாற்றினோம். பிரேக் எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றினோம். தண்டைச் சரியான அளவுக்குச் சுருக்கினேன், இந்த முறை அளவுகோலோடு. அண்ணை தானே அளவுகோலை எடுத்துத் தந்தார். டிரம்களில் தண்ணீர் நிரப்பி ஏற்றி, பிளாசாவின் பின்னால் ஆளில்லாத இடத்தில் ஓட்டி ஓட்டி நிறுத்தினேன். பிறகு அதே பிரிம்லிச் சரிவுக்குக் கொண்டுபோனேன். அண்ணை கேட்காமலே பக்கத்து இருக்கையில் ஏறி இருந்தார். மேலே நின்று ஒருதரம் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். இறங்கினோம். வான் நான் கேட்ட இடத்தில் எல்லாம் நின்றது.

ரஞ்சி அக்கா வானை எடுக்க வந்த நாளில் அஜக்ஸில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டியிருந்தது. சட்டிகளை எங்கள் கராச்சிலேயே ஏற்றினார்கள். அபி வழமைபோல முன்னால் ஏறிப் பெல்ற்றைப் போட்டாள்.

"சரிதானே நிரோ?" என்று ரஞ்சி அக்கா கேட்டார்.

"சரி அக்கா. பாரத்தோடை இறக்கிப் பாத்திட்டன்."

அவர் சாவியைப் போட்டார். எஞ்சின் ஓடத் தொடங்கியது. பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அபி, நீ இறங்கு."

"வட்? ஏன்?"

"இறங்கடி. நிரோ அக்காவோடை காரிலை பின்னாலை வா."

எனக்கு அது கன்னத்தில் விழுந்தது போல இருந்தது. ஆனால் அவர் செய்தது சரி. என் சொல்லை நம்பித் தன்னை ஏற்றினார். மகளை ஏற்றுவதற்கு அது போதவில்லை. அண்ணை தன் கார்ச் சாவியை என்னிடம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாங்கள் கொஞ்சத் தூரம் விட்டு வானின் பின்னால் போனோம். அபி தொலைபேசியை வெளியே எடுக்கவில்லை. முதலாவது சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. வானின் பின் விளக்குகள் சிவப்பாக எரிந்தன. நான் பிரேக்கை மிதித்தேன். பக்கத்தில், மிதிப்பதற்கு எதுவும் இல்லாத இடத்தில், அபியின் வலது காலும் தரையை அமத்திக்கொண்டிருந்தது. வான் நின்றது. அவள் காலை எடுக்கவில்லை. பச்சை விழுந்தபின்தான் எடுத்தாள். அடுத்த சிக்னலிலும் அப்படித்தான். அஜக்ஸ் வரைக்கும் ஒவ்வொரு சிக்னலிலும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த வானை நிறுத்திக்கொண்டு போனோம்.